மாமா வெட்டாத பிடி

போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் நடுவில் நான் எழுந்து போனதற்கு, நான் சொன்ன இரத்த அழுத்த மாத்திரை காரணமில்லை. மாத்திரை என் சட்டைப்பையிலேயே இருந்தது. நீங்கள் கேட்ட கேள்விதான் காரணம். சின்னக் காஞ்சிபுரத்து மாடியில் வாராவாரம் என்னோடு சீட்டாட உட்காரும் உங்களுக்கு நான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். வாயால் சொல்ல வராது என்பதால் எழுதுகிறேன்.

கேள்வியை முதலில் சரியாக வைத்துக்கொள்வோம். நாலு பேர் ஆட்டம். எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் கூட்டாளிகள். ஏலம் எடுத்தவர் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். ஆட்டின், டைமன், கிளாவர், இஸ்பேட் என்ற நாலு இனத்தில் அந்தச் சீட்டின் இனம் எதுவோ அதுதான் துருப்பு. அது என்ன என்று அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஒருவர் எந்த இனத்தை இறக்குகிறாரோ, அதையே மற்றவர்களும் போட வேண்டும். அந்த இனம் கையில் இல்லாதவர் மட்டும் "துருப்பைக் காட்டு" என்று கேட்கலாம். அப்படிக் கேட்டுத் திறந்த பிறகு, கையில் துருப்பு இருந்தால் அதைப் போட்டு வெட்டியே ஆக வேண்டும். இது ஒரு விதி. கூட்டாளி பிடித்துவிட்ட பிடியை, அதாவது ஒரு சுற்றில் விழும் நாலு சீட்டை, வெட்டக் கூடாது. இது இன்னொரு விதி. இப்போது, கூட்டாளி ஜாக்கியைப் போட்டிருக்கிறார். இந்த ஆட்டத்தில் ஜாக்கிக்கு மேல் சீட்டு இல்லை, ஆகவே பிடி அவருடையது. அதே பிடியில் நீங்கள் துருப்பைத் திறக்கச் சொல்லிவிட்டீர்கள். கையில் துருப்பும் இருக்கிறது. வெட்ட வேண்டுமா, கூடாதா?

உங்களில் இரண்டு பேர் வேண்டும் என்றீர்கள், ஒருவர் கூடாது என்றார். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள்.

"இன்னா வக்கீலே, அத்தனை வருஷம் கோர்ட்ல கத்தினே. ஒரு சீட்டுக்கு வாய் வரலையா?" என்று வங்கியில் வேலை பார்த்தவர் சிரித்தார்.

வரவில்லை. இதே பிடியை நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன். அப்போது நான் எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. எங்கள் தெருவில் பாவு நீட்ட முடியவில்லை. உங்களில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அல்லாதவர்களுக்குச் சொல்கிறேன்: பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காய வைத்துத்தான் தறியில் ஏற்ற வேண்டும். வெயில் இல்லையென்றால் தெருவுக்கே வேலை இல்லை. எங்கள் வீட்டுத் தறி குழித்தறி. கால் வைத்து மிதிக்கும் குழிக்குள் அடியிலிருந்து நீர் ஊறியது. காலையில் ஒரு டால்டா டப்பாவால் நான் மொண்டு ஊற்றுவேன், பிற்பகலுக்குள் மறுபடியும் கணுக்கால் அளவு நின்றிருக்கும். ஈர மண்ணும் பழைய கஞ்சியும் கலந்த புளித்த வாடை வீடு முழுக்க இருந்தது. சோற்றில்கூட அந்த வாடை அடித்தது.

மழைக்காலத்தில் எங்கள் தெருவில் சந்தேகமும் சேர்ந்து ஊறும். முதலாளி பட்டையும் சரிகையையும் எடை போட்டுத்தான் கொடுப்பார், புடவையாகத் திரும்பி வரும்போது மறுபடி எடை போட்டு வாங்குவார். ஈரக் காற்றில் பட்டு நீரை இழுத்துக்கொண்டு கனக்கும். கனம் கூடினால், பட்டைத் திருடிவிட்டுத் தண்ணீர் தெளித்துச் சரிக்கட்டியிருக்கிறான் என்று நினைப்பார்கள். குறைந்தால் கேட்கவே வேண்டாம். ஒன்றும் செய்யாதவன்கூட அந்த மாதம் தராசைப் பார்த்துப் பயப்படுவான். கடையில் யார் புதுச் சட்டை எடுத்தாலும் தெரு அதன் துணியைத் தடவிப் பார்க்கும்.

வேலை இல்லாத பிற்பகல்களில் எங்கள் தறிவீட்டில் பாய் விரிப்பார்கள். அப்பாவும் சின்ன மாமாவும் ஒரு பக்கம். சின்ன மாமா அம்மாவின் தம்பி, எங்கள் வீட்டிலேயே இருந்தார். மறுபக்கம் எதிர்வீட்டுப் பெரியப்பா. உறவு எதுவும் இல்லை, அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். அவருக்குக் கூட்டாளியாக அவருடைய தம்பி உட்காருவார். அந்தத் தம்பி ஏதோ காரியமாக மாகறலுக்குப் போய் மழையில் அங்கேயே தங்கிவிட்டதால், அந்த இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள்.

சீட்டுக்கட்டு ஒரு பவுடர் டப்பாவில் இருக்கும். பவுடர் வாசனை போய் நெடுநாள் ஆகியும் டப்பாவின் மூடியில் ஒரு பெண் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தாள். சீட்டுகள் ஈரத்தில் உப்பி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இஸ்பேட் ராணியின் மூலை மடிந்திருந்தது. அது யார் கையில் இருக்கிறது என்று பின்பக்கத்திலிருந்தே தெரிந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். உடனே பெரியப்பா எல்லாச் சீட்டின் மூலையையும் ஒரே மாதிரி மடித்தார். அவர் அப்படிப்பட்டவர். கெட்டவர் அல்ல. யாரையும் முதலில் சந்தேகப்பட்டுவிட்டு, பிறகு மெதுவாக நம்புகிறவர்.

அவர் நம்பிக்கைக்குத் தெருவில் விலை இருந்தது. முதலாளி புதிதாக ஒருவன் கையில் பட்டும் சரிகையும் கொடுக்க வேண்டுமென்றால், பழைய ஆள் ஒருவர் அவனுக்கு ஜாமீன் நிற்க வேண்டும். சின்ன மாமா தனித் தறி போட ஆசைப்பட்டார். அப்பா சொந்தக்காரர் என்பதால் அப்பாவின் வார்த்தையை முதலாளி எடுத்துக்கொள்ள மாட்டார். பெரியப்பாதான் நிற்க வேண்டும்.

"ஒன் தம்பிக்கு நான் நிக்கிறேன். கார்த்திகை பொறக்கட்டும், நானே முதலாளியாண்ட கூட்டிக்கினு போறேன்" என்று அவர் அம்மாவிடம் சொன்ன நாளில், அம்மா கேசரி கிண்டினாள். மாமா தன் தறிக்கென்று தறிமேடைக்குக் கீழே சேர்த்து வைத்திருந்த மரத்துண்டுகளை வெளியே எடுத்து, எது எதற்கு ஆகும் என்று என்னிடம் காட்டினார். அவர் அவ்வளவு பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

மாமா பேசாதவர். தறியில் அப்பாவுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து கோர்வை போடுவார். புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அப்பா உடலுக்கு, ஊடு இழை சுற்றிய நாடாவை எறிவார். மாமா கரைக்கு நாடாவை எறிந்து, இரண்டு இழையும் கோத்துக்கொண்டதும் கட்டை விரலால் மரத்தில் ஒரு தட்டுத் தட்டுவார். டொக். அந்தச் சத்தம் கேட்டால்தான் அப்பா பலகையை இழுத்து அடிப்பார். அவசரப்பட்டு முன்னால் அடித்தால் இழை அறுந்துவிடும். இப்படியே காலையிலிருந்து மாலைவரை, பேச்சே இல்லாமல். நான் அந்தச் சத்தத்தில் கண்விழித்து வளர்ந்தவன்.

சீட்டாட்டத்திலும் மாமா தட்டினார். தன் சீட்டுகளை அடுக்கி முடித்து, மனதுக்குள் ஏதோ தீர்மானம் ஆனதும், கட்டை விரலால் தொடையில் ஒரு தட்டு. எதிரே உட்கார்ந்த அப்பா, தன் முறையானாலும் அந்தத் தட்டு விழும்வரை சீட்டை இறக்க மாட்டார். இரண்டு பேருக்கும் அது தெரிந்திருந்ததா என்பதே எனக்குச் சந்தேகம்.

அவர்களே ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பாவுக்கு என் ஆட்டம் பிடிக்கவில்லை.

"ஸ்கூல்ல ஃபர்ஸ்ட்டாமே நீ? சீட்டுல கழுதையா கீறியேபா. எம் தம்பி எப்பதான் வருவான்னு கீது" என்பார். அப்பா சிரிப்பார். மாமாவும் சிரிப்பார். மாமா சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு நாள் வெற்றிலை வாங்கப் போகும்போது பெரியப்பா என்னையும் குடைக்குள் கூட்டிக்கொண்டு போனார். பாதி வழியில் நான் சொன்னேன்.

"பெரிப்பா, மாமா தொடையில தட்றாரு. அதுக்கு அப்பாலதான் அப்பா சீட்டு எறக்கறாரு."

அவர் நின்றுவிட்டார். குடையிலிருந்து வழிந்த நீர் என் தோளில் விழுந்தது.

"கண்ணால பார்த்தியா?"

"தினமும் பார்க்கறேன்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஆமா."

கடையில் அவர் வெற்றிலையை எண்ணாமல் வாங்கினார். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள். பின்னாளில் நீதிமன்றத்தில் எத்தனையோ சாட்சிகள் இப்படிப் பேசக் கேட்டிருக்கிறேன், கேட்கும்போதெல்லாம் அந்தக் குடைதான் நினைவுக்கு வரும். தறியில் விழும் தட்டும் பாயில் விழும் தட்டும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரியாதா? தெரியாது என்று சொன்னால் நம்பாதீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க நான் விரும்பவில்லை, அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து பெரியப்பா சீட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு மாமாவின் கையைப் பார்த்தார். சும்மா மூக்கைச் சொறிந்தாலும் பார்த்தார். அப்பா இருமினால் மாமாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அப்படிப் பார்க்க ஆரம்பித்த பிறகு எல்லாமே சைகையாகத் தெரிந்தது. மாமா தண்ணீர் குடித்தால் அது டைமன், காதைத் தடவினால் ஆட்டின் என்று எனக்குள் ஒரு அகராதியே உருவாகிவிட்டது.

இனி அந்தப் பிடிக்கு வருகிறேன்.

ஏலத்தைப் பெரியப்பா எடுத்து, துருப்பைக் கவிழ்த்து வைத்திருந்தார். ஆட்டம் பாதிக்கு வந்துவிட்டது, துருப்பு இன்னும் திறக்கப்படவில்லை. திறக்காதவரை அவருக்கு நல்லது. நான் டைமன் ஒன்பதை இறக்கினேன். மாமா தட்டினார். அப்பா டைமன் ஜாக்கியைப் போட்டார். பிடி அவருடையது. பெரியப்பா உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு சின்ன டைமனைப் போட்டார். கடைசி ஆள் மாமா. அவரிடம் டைமன் இல்லை.

"துருப்பைக் காட்டுங்க" என்றார் மாமா.

பெரியப்பா நிமிர்ந்தார். பிறகு கவிழ்த்திருந்த சீட்டைப் புரட்டினார். கிளாவர். மாமா அதைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், ஆட்டின் பத்தை எடுத்து அப்பாவின் ஜாக்கிமேல் போட்டார்.

"வெட்டலையா?" என்றார் பெரியப்பா.

மாமா தன் சீட்டுகளை அடுக்கிக்கொண்டார்.

"கேட்டா வெட்டணும்பா. தொறக்கச் சொல்லிட்டு வெட்டாம போட்டா இன்னா அர்த்தம்?"

அப்பா குறுக்கே வந்தார். "அண்ணே, அது என் பிடி. கூட்டாளி பிடியை அவன் எப்படி வெட்டுவான்? கூடாதுன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க."

"அப்படின்னா ஏன் தொறக்கச் சொன்னான்? பிடி ஒனக்கு வந்தாச்சு. அவனுக்கு இன்னா அவசரம்? துருப்பு இன்னான்னு ஒனக்குக் காட்டறதுக்கா?"

"விதி விதிதாண்ணே. வெட்டக் கூடாது."

"வெட்டணும்."

அப்படியே ஏறிக்கொண்டு போயிற்று. வேண்டும், கூடாது, வேண்டும், கூடாது. அடுப்படியிலிருந்து அம்மா வந்து நின்றாள். மாமா மட்டும் மீதிச் சீட்டுகளை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் பாயில் மூன்றாவதாக ஒரு விதி உண்டு: ஆட்டம் முடியும்வரை யாரும் தன் கையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று வாய் திறந்து சொல்லக் கூடாது. சொன்னால் ஆட்டம் தோற்றது. மாமா அந்த விதியில் உட்கார்ந்திருந்தார்.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லுபா. அன்னிக்கு இன்னா பார்த்தே?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் பாயின் கோரையைப் பிய்த்தேன்.

"மாமா தட்டுவாரு" என்றேன்.

"எதுக்கு தட்டுவான்?"

"அப்பா சீட்டு எறக்கறதுக்கு முன்னாடி."

பெரியப்பா கையிலிருந்த சீட்டுகளைப் பாயில் எறிந்தார். "அழுகுணி ஆட்டம் ஆடறவனுக்கு நான் எப்படிய்யா ஜாமீன் நிக்கறது? ஊதிப்போன இந்தச் சீட்டுக்கே இந்த வேலைன்னா, சரிகையைக் கையில குடுத்தா?" என்றவர், செருப்பைக்கூட மாட்டாமல் மழையில் தெருவைக் கடந்து போனார். அண்ணே, அண்ணே என்று அப்பா பின்னாலேயே ஓடினார்.

தறிவீட்டில் மாமாவும் நானும் இருந்தோம். வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அம்மா.

மாமா தன் நான்கு சீட்டுகளையும் எனக்கு முன்னால் கவிழ்த்து வைத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆட்டம் கலைந்தால் சீட்டைப் பொறுக்கி அடுக்குவது என் வேலை. நான் அந்த நான்கையும் எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். பார்த்ததை அவர் பார்த்தார். பிறகு மற்ற சீட்டுகளோடு சேர்த்து, ஈரத்தில் ஒட்டியவற்றை நகத்தால் பிரித்து, நன்றாகக் கலைத்து, டப்பாவில் போட்டு மூடினேன்.

அன்று மாலை அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நீ பக்கத்துல ஒக்காந்துக்கினு இருந்தியே. மாமா கையில கிளாவர் இருந்துதாடா?"

"நான் பார்க்கலைமா."

அவள் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். நம்பினாளா என்று இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள இப்போது அவள் இல்லை.

இந்த வயதில் எனக்கு ஒன்று புரிகிறது. அப்பா அவ்வளவு சத்தமாக வாதாடியது மாமாவின் கையில் கிளாவர் இருந்தது என்று அவரும் நினைத்ததால்தான். இல்லையென்றால் "வெட்டக் கூடாது" என்று ஏன் சொல்ல வேண்டும்? "அவனிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்" என்று சொல்லியிருக்கலாமே. எதிரியும் கூட்டாளியும் ஒரே சந்தேகத்தோடுதான் சண்டை போட்டிருக்கிறார்கள். எந்த விதி பெரியது என்பதில் மட்டும்தான் வேறுபாடு. ஆட்டத்தின் மீதியை ஆடியிருந்தாலே உண்மை பாயில் வந்து விழுந்திருக்கும்.

கார்த்திகை பிறந்தது. வெயில் வந்தது. தெருவில் பாவு நீட்டினார்கள். பெரியப்பா எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. காரணம் தெருவுக்குத் தெரிந்ததால் வேறு யாரும் ஜாமீன் நிற்க முன்வரவில்லை. மாமா ஒரு விடியற்காலையில் துணிப்பையோடு ஆரணிக்குப் பேருந்து ஏறினார். அங்கே யாரிடமோ கூலித்தறியில் உட்காரப் போவதாகச் சொன்னார். மரத்துண்டுகள் தறிமேடைக்குக் கீழே கிடந்து, ஒவ்வொன்றாக அடுப்புக்குப் போயின.

அப்பாவுக்குக் கோர்வை போடப் புதிதாக ஒரு ஆள் வந்தான். நல்ல வேலைக்காரன். ஆனால் அவன் தட்ட மாட்டான். முடிந்ததும் "ஆச்சு" என்பான். அப்பா பலகையில் கைவைத்தபடி காத்திருப்பார். அவன் மறுபடி "ஆச்சுங்க" என்பான். அதற்குப் பிறகும் ஒரு கணம் கழித்துத்தான் அப்பாவின் கை அசையும். ஒரு நாள் பள்ளிக்குக் கிளம்பும்போது அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பாயில் மாமா தட்டியது என்ன தட்டு என்று அந்த நிமிடத்தில் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். எனக்கு அது முன்பே தெரியும் என்பதும் விளங்கியிருக்கலாம். அவர் கேட்கவில்லை. அதன் பிறகு என்னைச் சீட்டாடக் கூப்பிடவும் இல்லை.

வக்கீலான பிறகு ஒரு வழக்குக்காக ஆரணி போனபோது மாமாவைத் தேடிப் போனேன். கூலித்தறிதான், கடைசிவரை. திருமணம் செய்துகொண்டிருந்தார், ஒரு பெண் குழந்தை இருந்தது. என்னைக் கண்டதும் வாயெல்லாம் சிரிப்பு. காப்பி வந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "மாமா, அன்னிக்கு அந்த ஆட்டத்துல ஒங்க கையில..." என்றேன்.

அவர் கையை உயர்த்தினார்.

"ஆட்டம் இன்னும் முடியலியேபா. சொல்லக் கூடாது" என்று சிரித்தார். பிறகு கட்டை விரலால் டம்ளரில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "ஆறிடப் போவுது, குடி" என்றார். குடித்தேன். அதற்கு மேல் நானும் சொல்லவில்லை. அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவர் மகள் எழுதிய கார்டு வந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது.

இனி உங்கள் கேள்வி. என் தீர்ப்பு: வெட்ட வேண்டும். கூட்டாளியின் பிடியை வெட்டக் கூடாது என்பது, எந்தச் சீட்டைப் போடலாம் என்று உங்களுக்குத் தேர்வு இருக்கும்போது உள்ள விதி. துருப்பைத் திறக்கச் சொன்னதுமே அந்தத் தேர்வை நீங்களே கைவிட்டுவிட்டீர்கள். வெட்ட மனமில்லாதவர் திறக்கச் சொல்லாமல் இருக்க வேண்டும். ஆக, விதியைப் பொறுத்தவரை பெரியப்பா சொன்னதுதான் சரி, அப்பா சொன்னது தவறு. வெட்ட வேண்டும் என்ற வங்கிக்காரர் மகிழ்ச்சி அடையலாம்.

ஆனால் இரண்டு விதி மோதுகிறது என்று குரலை உயர்த்துவதற்கு முன்னால், அவை உண்மையிலேயே சந்தித்தனவா என்று பாருங்கள். துருப்பு கையில் இருப்பவனுக்குத்தான் இந்தச் சிக்கல். இல்லாதவன் எந்த விதியையும் மீறவில்லை. சந்தேகம் வந்தால் ஆட்டத்தை நிறுத்தி, பொதுவான ஒருவர் அவன் சீட்டை வாங்கிப் பார்க்கட்டும். இனி நம் மாடியில் அப்படியே வைத்துக்கொள்வோம்.

இன்னொன்றும் இருக்கிறது. தன் கையில் இருப்பதைச் சொல்லக் கூடாது என்றுதான் விதி. மாமா அதைக் கடைசிவரை காப்பாற்றினார். அடுத்தவர் கையைப் பார்த்தவன் சொல்லக் கூடாது என்று எந்தப் பாயிலும் விதி இருந்ததில்லை.

ஆட்டின் ராணி. ஆட்டின் ஏழு. இஸ்பேட் பத்து. இஸ்பேட் எட்டு. என் மாமாவின் கையில் இருந்தவை இவை நான்கும்தான். கிளாவர் ஒன்றுகூட இல்லை.